கதவுக்கு வெளியே ஓர் ஆள்

வேன் மாமாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் எந்த உதவி செய்தாலும் "நல்லா இருங்க" என்று சொல்லிவிடுவார். டீ கொடுத்தவருக்கு ஒரு நல்லா இருங்க, டயருக்குக் காற்று அடித்தவருக்கு ஒன்று, வழி விட்ட பஸ்காரருக்குக் கண்ணாடி வழியாக ஒன்று. ஒருமுறை அபராதச் சீட்டு எழுதிக் கொடுத்த போலீஸ்காரரிடமும் வாய் தவறி அதையே சொல்லிவிட்டார். இதில் ஏதோ நக்கல் இருக்கிறதென்று அந்த மனிதர் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். நக்கலெல்லாம் ஒன்றும் இல்லை. மாமாவுக்கு அது இருமல், தும்மல் மாதிரி, தானாக வருவது.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகள் வேன் மாமா என்று கூப்பிட, பெற்றவர்களும் அப்படியே கூப்பிட, அவருடைய சொந்தப் பெயர் லைசென்ஸில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

அதற்கு முன்னால் அவர் லாரி ஓட்டினார். போனால் பத்து நாள், வந்தால் இரண்டு நாள். மகள் பிறந்த நேரத்தில் சிமெண்டு மூட்டைகளோடு எங்கோ ஒரு செக்போஸ்ட் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். மறுநாள் மத்தியானம் மூச்சிரைக்க ஆஸ்பத்திரிக்கு வந்தபோது வார்டு நர்ஸ்தான் சொன்னார்.

"உங்க வீட்டம்மா வலியில மூணு தடவை கேட்டாங்க, அவரு வெளிய இருக்காரா, அவரு வெளிய இருக்காரான்னு. நாங்க என்னத்தைச் சொல்றது? வந்துடுவாரும்மான்னு சொல்லி வச்சோம்."

மனைவி ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. "வந்துட்டீங்கல்ல, போதும்" என்றாள். நன்றாகத் திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். திட்டாமல் விட்டதுதான் அவரோடு எல்லா ஊருக்கும் லாரியில் ஏறி வந்தது.

மகள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, காய்ச்சல் என்று படுத்த மனைவி எழுந்திருக்கவில்லை. லாரியை விட்டுவிட்டு, ஓடி ஓய்ந்த ஒரு வேனை வாங்கினார். சாயங்காலம் மகள் வீட்டுக்கு வரும்போது தானும் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. தாயில்லாப் பிள்ளையை எப்படி வளர்த்தீர்கள் என்று இன்றைக்குக் கேட்டால், "நான் எங்க வளர்த்தேன், வேன்தான் வளர்த்துச்சு" என்பார். அதில் பொய் இல்லை. காலையில் அவர் தலையில் எண்ணெய் வைத்து மட்டும் அனுப்புவார். சீப்பையும் ரிப்பனையும் மகள் கையில் பிடித்துக்கொண்டு வேனில் ஏறுவாள். பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் பெரிய வகுப்புப் பெண்களில் ஒருத்தி பின்னி முடித்திருப்பாள். அவர்களில் மிக நேர்த்தியாகப் பின்னுகிறவள், மிக அதிகமாக அதட்டுகிறவள், பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அவள் இன்றைக்கு வங்கியில் கேஷியர். அவளுடைய பையன் இப்போது அதே வேனில் வருகிறான். அதட்டல் மட்டும் இன்னும் ஓயவில்லை. வேன் கொஞ்சம் தாமதமானால் போதும், வாசலில் இடுப்பில் கை வைத்து நிற்பாள். மாமா அவளைக் கேஷியரம்மா என்றுதான் கூப்பிடுவார், பாதி கேலி, பாதி பயம்.

மகள் படித்தாள், வேலைக்குப் போனாள், மனதுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு அவனோடு வெளிநாட்டுக்குப் போனாள். போன வருஷம் ஒருநாள் போனில் பிள்ளை உண்டாகியிருக்கிற செய்தியைச் சொன்னாள். மாதங்கள் ஏற ஏறப் பேச்சு குறைந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள்.

"இங்க எல்லாம் இருக்குப்பா. அவரு லீவு போடுறாரு. ஆஸ்பத்திரியும் நல்லா இருக்கு. ஆனா..."

அந்த 'ஆனா' அவருக்குப் போதும். மறுநாள் வேனைக் கழுவி நிறுத்திவிட்டு நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனார்.

அந்தக் கடைக்காரர் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்ததைவிட விசா விண்ணப்பம் போட்டுக் கொடுத்ததுதான் அதிகம். விவரத்தைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பிரசவம்னு வாயைத் திறந்துடாதீங்க. பிள்ளை வளக்க வந்துட்டு அங்கேயே உக்காந்துடுவீங்கன்னு நினைப்பாங்க. டூர்னு போடுவோம். அருவி, மியூசியம், அந்த உயரமான டவர். மூணு போதும்."

"பொய் சொல்லணுமா?"

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்றோம். ஒரு விசாவுக்கு மூணு பொய் சொல்லக் கூடாதா?"

மாமா வேன் ஓட்டிக்கொண்டே மூன்றையும் மனப்பாடம் செய்தார். அருவி, மியூசியம், டவர். பின்னால் உட்கார்ந்திருந்த வாண்டுகளும் காரணம் தெரியாமலே அதைப் பாட்டாகப் பாடின.

நேர்காணல் நாள் வந்தது. விசா அலுவலகத்தில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள், பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள், டோக்கன் கொடுத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோட்டுப் போட்ட அதிகாரி, பக்கத்தில் தமிழில் மாற்றிச் சொல்ல ஒரு அம்மா. எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். அருவி, மியூசியம், டவர் என்று மாமா ஒரே மூச்சில் ஒப்பித்தார். மியூசியத்தில் என்ன பார்ப்பீர்கள்? "பழைய சாமானுங்க" என்றார். அதுவரைக்கும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

"தனியாவா சுத்திப் பாப்பீங்க, மகளும் கூட வருவாங்களான்னு கேக்கறாரு" என்றார் அந்த அம்மா.

"மகளும் வரும்."

"டவர் மேல ஏறுவாங்களா? நிறைய படியாம்."

"ஐயையோ, நிறைமாசப் பிள்ளை எப்படிங்க படி ஏறும்?"

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அவருக்குப் புரிந்தது. திருதிருவென்று விழித்தார். அந்த அம்மாவுக்கு மாற்றிச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. அதிகாரி விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்தார், அதில் பிரசவம் என்ற பேச்சே இல்லை. கொஞ்ச நேரத்தில் பாஸ்போர்ட்டும் ஒரு தாளும் கண்ணாடிக்குக் கீழே இருந்த சந்து வழியாக இவர் பக்கம் வந்தன. விசா கிடையாது. அந்த அம்மா வருத்தத்தோடு அதைச் சொன்னபோதும் மாமாவுக்கு வாயில் வந்தது "நல்லா இருங்கம்மா" தான். வெளியே வந்து, பெல்ட்டை மாட்டக்கூடத் தோன்றாமல் கையில் பிடித்தபடியே பஸ் ஏறினார்.

மகளிடம் என்ன சொல்வது? அதைவிட, அவளுடைய அம்மாவுக்கு என்ன சொல்வது? அவள் இல்லைதான். ஆனால் அன்று இரவு அவர் அவளுக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் வேன் தாமதம். கேஷியரம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்ன மாமா, இன்னைக்கும் சிக்னலா?"

எப்போதும் ஏதாவது சமாதானம் சொல்கிறவர் அன்றைக்குப் பேசாமல் கதவைத் திறந்துவிட்டார். பையன் ஏறினான். அவளும் பின்னாலேயே ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

"வண்டியை எடுங்க. என்னை பேங்க்ல இறக்கி விடுங்க. என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு சொன்னார். டவர் வரைக்கும் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதற்கு மேல் கண்ணில் தண்ணீரும் வந்தது.

"பொய் சொல்லத் தெரியாத ஆளு எதுக்கு மாமா பொய் சொல்லப் போனீங்க? மறுபடி போடுங்க. உள்ளதைச் சொல்லுங்க."

"போனாலும் வேனை யாரும்மா ஓட்டறது? நான் இல்லாத நேரம் வேற வண்டிக்காரன் வந்தான்னா ரூட்டு போயிடும்."

"அதை நான் பாத்துக்கறேன்."

இரண்டே நாளில் பார்த்துவிட்டாள். வேன் பிள்ளைகளின் பெற்றோர் எல்லோரையும் தன் வீட்டுக்கு வரவழைத்தாள். கார் வைத்திருக்கிறவர்கள் முறை போட்டுக்கொண்டு பிள்ளைகளை ஏற்றிப் போவது, மாமா திரும்பி வரும்வரை வேறு எந்த வண்டிக்கும் இந்தத் தெருக்களில் இடமில்லை என்று முடிவாயிற்று. அங்கே வந்திருந்தவர்களில் பாதிப் பேர் சின்ன வயதில் அந்த வேனில் இடித்துக்கொண்டு போனவர்கள். எட்டு மணிக்கு முன்னால் எழுந்ததாகச் சரித்திரமே இல்லாத வக்கீல் ஒருவர்கூட செவ்வாய்க்கிழமையைத் தன் பெயரில் எழுதச் சொன்னார். வக்கீலின் மனைவிக்கு நம்பிக்கை வரவில்லை, ஆனாலும் எழுதினார்கள். மாமா வாசற்படி ஓரமாக நின்று எல்லோரையும் பார்த்தார். "நல்லா இருங்க" என்று சொல்ல வாயைத் திறந்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தச் சொல் வெளியே வரவில்லை. இத்தனை பேர் தனக்கு இருக்கிறார்கள் என்பது அவருக்கு அதுவரை தெரியவே தெரியாது. தெரிந்ததும் தாங்கவில்லை, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஜெராக்ஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டே புது விண்ணப்பம் போட்டார். "தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, சாண் என்ன முழம் என்ன. உள்ளதையே எழுதிடுவோம்" என்றவர், எழுதியதற்கு ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. அவருக்கும் ஒரு நல்லா இருங்க.

இரண்டாம் தடவை கண்ணாடிக்குப் பின்னால் வேறு அதிகாரி, நரைத்த முடி வைத்த ஒரு பெண்மணி. மாற்றிச் சொல்பவர் மட்டும் அதே அம்மா. முதல் கேள்வி, போன தடவை ஏன் மறுத்தார்கள் என்பது.

"நான் பொய் சொன்னேங்க" என்றார் மாமா.

அந்த அம்மா இவர் பக்கம் திரும்பினார். "அப்படியேவா சொல்லட்டும்?"

"அப்படியே சொல்லுங்கம்மா."

சொன்னார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். மகளுக்குப் புருஷன் இருக்கிறார், அங்கே நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது, நீங்கள் போய் என்ன உபயோகம் என்று கேட்டார்.

"ஒரு உபயோகமும் இல்லைங்க. எனக்குப் பிரசவம் பாக்கத் தெரியாது, பிள்ளையைத் தூக்கவும் பயம். கதவுக்கு வெளிய உக்காந்திருப்பேன், அவ்வளவுதான். இவ பொறந்தப்போ இவ அம்மா மூணு தடவை கேட்டா, நான் வெளிய இருக்கேனான்னு. நான் இல்லைங்க. இவளுக்கு இப்போ அம்மா இல்லை. இவ கேட்டா, இருக்காருன்னு சொல்ல வெளிய ஒரு ஆளு வேணும்ல."

இதை மாற்றிச் சொல்ல அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அதிகாரி அடுத்ததற்கு வந்தார். இங்கே உங்களுக்குச் சொந்த வீடு இல்லை, மனைவி இல்லை, இருக்கிற ஒரே மகளும் அங்கே. நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று எதை வைத்து நம்புவது?

இந்தமுறை மாமாவிடம் மனப்பாடம் செய்தது எதுவும் இல்லை.

"எனக்காக ஒரு வக்கீல் சார் செவ்வாய்க்கிழமை விடியக்காலையில எந்திரிச்சுப் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போறேன்னு இருக்காருங்க. அவரை எத்தனை நாளைக்கு நம்பி விட முடியும்? அந்தப் பிள்ளைங்க எல்லாம் என் பிள்ளைங்க. அவங்க அப்பா அம்மாவுல பாதிப் பேரும் என் வண்டியில வந்த பிள்ளைங்கதான். என் மகளுக்குத் தலை பின்னினவங்க. அவங்களை விட்டுட்டு அங்க உக்காந்தா, என் மகளே என்னை வீட்டுல சேக்க மாட்டா."

மாற்றிச் சொல்லும்போது அந்த அம்மாவுக்கு வக்கீல் வந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரி சிரிக்கவில்லை. பாஸ்போர்ட்டை இந்தமுறை சந்து வழியாகத் திருப்பித் தள்ளாமல் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று மாமாவுக்குத் தெரியவில்லை. "கொடுத்துட்டாங்கய்யா, போயிட்டு வாங்க" என்று அந்த அம்மா சொன்ன பிறகுதான் தெரிந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கைகூப்பி நின்று, இரண்டு பேருக்கும் தனித்தனியாக நல்லா இருங்க சொன்னார். அதிகாரிக்குச் சொன்னதையும் அந்த அம்மா மாற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று.

விமானம் ஏறியதையும், பெல்ட்டை மறுபடி கழற்றியதையும், சாப்பாடு கொடுத்த பெண்ணுக்கு அவர் சொன்னதையும் சொல்லிக்கொண்டிருந்தால் கதை நீளும். போய் இறங்கிய அடுத்த வாரமே மகளுக்கு வலி கண்டது.

ஆஸ்பத்திரி தாழ்வாரம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு நீளமான பெஞ்சு, ஒரு ஜன்னல், ஜன்னலில் நல்ல வெயில். மருமகன் உள்ளே, இவர் வெளியே. சொன்ன சொல் தவறாமல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போகவில்லை.

கதவு திறந்தது. மருமகன் தலையை நீட்டினான்.

"மாமா, நீங்க இருக்கீங்களான்னு பாத்துட்டு வரச் சொன்னா."

"இருக்கேன்னு சொல்லுங்க மாப்பிள்ளை."

கதவு மூடிக்கொண்டது. ரொம்ப நேரம் கழித்து மறுபடி திறந்தது. மருமகனின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"மறுபடியும் கேக்கறா மாமா."

"இங்கதான் இருக்கேன். எங்கேயும் போகல."

மூன்றாம் தடவை கதவு கொஞ்சம்தான் திறந்தது. மருமகன் வாயைத் திறப்பதற்குள் மாமா எழுந்து நின்றுவிட்டார். லாரி ஓட்டிய காலத்துக் குரல் அவரிடம் இன்னும் மிச்சம் இருந்தது. அந்த மருத்துவமனையில் அவ்வளவு சத்தமாக யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

"இருக்கேம்மா. அப்பா வெளியதான் இருக்கேன்."

உள்ளேயிருந்து, வலிக்கு நடுவே, மகளின் குரல் வந்தது.

"சரிப்பா."