கருப்புத் திரை மேல் ஒரு பொறாமை

போன வாரம் ஒரு லேப்டாப்பைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்துவிட்டது. சிரிக்காதீர்கள் பிள்ளைகளா… நிஜமாகத்தான் சொல்கிறேன்.

கோவையில் கம்ப்யூட்டர் படிக்கும் என் மகள் மலர், லீவுக்கு ஊருக்கு வந்திருந்தாள். திருவாடானைப் பக்கம் எங்கள் ஊர். மிளகாய் வத்தல் காயும் களத்து ஓரம், வேப்பமர நிழலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். படம் கிடையாது, பட்டன் கிடையாது. வெறும் கருப்புத் திரை. கட்டளையை எழுத்தெழுத்தாக அடித்தால்தான் வேலை நடக்கும். ஒரு எழுத்து மாறினாலும், 'அப்படி ஒரு கட்டளையே இல்லை' என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிடுமாம்.

மலரும் அவசரத்தில் தப்பாகத்தான் அடித்தாள். ஆனால் திட்டு விழவில்லை. திரை ஏதோ ஒரு வரியைக் காட்டிவிட்டுக் காத்திருந்தது.

"என்னத்தா கேக்குது?"

"நீ சொல்ல வந்தது இதுவான்னு கேக்குதுய்யா. தப்பைத் திருத்துறதுக்குன்னே ஒரு புரோகிராம் போட்டு வச்சிருக்கேன். ஆமான்னா ஒரு தட்டு, இல்லைன்னா ஒரு தட்டு."

தட்டினாள். வேலை நடந்தது. "தேங்க்ஸ்டா செல்லம்!" என்று திரைக்கு ஒரு கொஞ்சல் வேறு.

செல்லமாம்! எனக்கு வயிறு எரிந்தது. இவள் நடை பழகிய நாளிலிருந்து திருத்திக்கொண்டிருப்பவன் நான். எனக்கு என்றைக்காவது ஒரு தேங்க்ஸ்? முறைப்புதான் கிடைத்திருக்கிறது.

அன்று மத்தியானமும் கிடைத்தது. வத்தலைக் கிளறிவிடப் பலகையோடு வந்தாள். "இப்படியா கிளறுவாக? உடைஞ்சிரும்ல! கொண்டா இங்கன" என்று கையிலிருந்த பலகையைப் பிடுங்கினேன்.

"அப்ப நீங்களே கிளறுங்க!" மரத்தடிக்கே போய்விட்டாள். செல்லத்திடம்!

சாயங்காலம் மேற்கே வானம் கறுத்தது. கோடை மழை. காயும் மிளகாய் நனைந்தால் வெளுத்துப்போகும். அப்புறம் எந்த வியாபாரியும் தொடமாட்டார். எங்கள் ஒரு வருஷத்து விளைச்சல் முழுதும் களத்தில் கிடந்தது. நானும் மனைவியும் அரக்கப்பரக்கக் குவித்தோம். மலர் ஓடிவந்து தார்ப்பாயின் முனையைப் பிடித்தாள். பிடித்தவள்… கிழக்கே இழுக்கிறாள்! மழை வருவதோ மேற்கேயிருந்து.

கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். கத்தினால் பாயைப் போட்டுவிட்டுப் போய்விடுவாளே? மூன்று பேர் இழுக்காமல் அந்தப் பாய் அசையாது. பாழாய்ப்போன அந்தத் திரைதான் ஞாபகத்துக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அதைப் போலவே கேட்டேன்.

"ஆத்தா… நீ மேற்க இழுக்கத்தான நினைச்ச?"

"இல்லய்யா! கிழக்க ரோட்டை மேடாக்கிட்டாகள்ல? நேத்து ரோட்டோரத் தண்ணித் தொட்டி நிரம்பி வழிஞ்சப்பப் பாத்தேன், தண்ணி பூராம் அங்கனருந்து களத்துக்குத்தான் இறங்குது. மேல நனையாட்டியும் அடியில நனைஞ்சிரும். முனையை மடிச்சு வத்தலுக்கு அடியில சொருகணும்."

பாயைக் கிழக்கே இழுத்து, முனையை மடித்துச் சொருகினோம்.

மழை கொட்டியது. கிழக்கேயிருந்து செம்மண் தண்ணீர் சுழித்துக்கொண்டு வந்தது. மடித்த பாயில் முட்டி, ஒதுங்கி ஓடியது. வத்தல் தப்பியது.

அந்தப் புரோகிராம் கேட்டுவிட்டுக் காத்திருப்பதை வெறும் மரியாதை என்று நினைத்தேன். இல்லை… தன் யூகமே தப்பாக இருக்கலாம் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. பலகையைப் பிடுங்குகிறவனுக்கு அது எங்கே தெரிகிறது?

பிள்ளைகளா, உங்களுக்கும் ஒன்று. வீட்டில் யாராவது திருத்த வந்தால், முறைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போகாதீர்கள். 'இல்லை, ஏன்னா…' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.

தலையைத் துவட்டிக்கொண்டே மலர் சொன்னாள்: "தேங்க்ஸ்ய்யா… கத்தாமக் கேட்டீகள்ல, அதுக்கு."

ஆக, தேங்க்ஸ் வந்துவிட்டது. 'செல்லம்' மட்டும் இன்னும் அந்த லேப்டாப்புக்குத்தான்!