அரசன் மகன் வளர்ந்த வீடு

சுபஹுத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜுனைதீன் சேரின் மரணச் செய்தி வந்தது. முகவரியாக மருதமுனையில் மாத வாடகைக்கு எடுத்த ஒரு கூலி வீடு சொல்லப்பட்டது. மூன்று மகள்மாருக்கும் வீடு கொடுத்தவருக்கு இப்படியொரு முகவரி ஏன் என்று வெளியூரார் சிலர் என்னிடம் கேட்டனர். அவரை அறிந்தவர்கள் கேட்கவில்லை.

கல்முனையில் ஒரே பாடசாலையில் அவரும் நானும் வரலாறு கற்பித்தோம். பண்டைய ஜப்பானில் தலைநகர் அடிக்கடி மாறியதேன் என்று உயர்தர மாணவருக்கு ஒரு கருத்தரங்கு நடத்தவிருந்தோம். அரசனின் மரணத்தால் அரண்மனைக்கு நேர்ந்த தீட்டு, நாராவில் பௌத்த மடங்களின் செல்வாக்கு, நாகாவோகாவில் வெள்ளம் எனக் காரணங்களை நான் எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு அவர் கேட்டார்:

“எல்லாம் சரி தம்பி. அந்த ராசாட மகன் எங்க வளந்த?”

“உம்மாட ஆக்களோட எண்டு ஒரு கருத்து இரிக்கி, சேர். முடிவானதில்ல.”

“அப்ப வாப்பா மவுத்தானா அவன் என்னத்துக்கு வாப்பாட ஊட்டுக்குப் போற? தான் இருந்த ஊட்டையே அரண்மனையாக்கிட்டான். அவங்கட ராசாமார் மவுத்தாகித்தான் ஊட்டைக் காலியாக்கின. நாம உசிரோடயே காலியாக்குறம்.”

எங்கள் ஊர்களில் மகளின் திருமணத்தோடு வீடு அவள் பெயருக்கு மாறும். பெற்றோர் வேறு வீடு கட்டிப் போவர். அவர் அப்படி இரு முறை மாறியிருந்தார். இளைய மகளின் திருமணம் நிச்சயமானபோது, மீண்டும் கட்ட அவரிடம் காணி இல்லை. மகளுக்கு எழுதும் வீட்டு உறுதிப் பத்திரத்தில், அவரும் மனைவியும் சாகும்வரை அங்கு வசிப்பதற்கான சீவிய உரித்தை ஒதுக்கிவைக்கலாம் என்றேன்.

“எனக்கொரு மூலைய எழுதிவெச்சா, மருமகன் அந்த மூலையப் பாத்துப் பாத்துத்தானே நடப்பார்?” என்று மறுத்தார்.

வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி சொன்னார்: “ஓம், ராசா போற இடமெல்லாம் தலைநகரம்! நம்மட தலைநகரத்துக்கு மாசம் முடியக் கூலி கேட்டு ஆள் வரும்.”

முதலில் சிரித்தவர் சேர்தான். திருமணம் முடிந்ததும் இருவரும் கூலி வீட்டுக்குப் போயினர்.

அடக்கத்துக்கு ஜனாஸாவைத் தத்தம் வீட்டிலிருந்தே எடுக்க வேண்டுமென்று மகள்மார் மூவரும் பிடிவாதமாக நின்றனர். “அந்த மனிசன இன்னொருக்கா ஊடு மாறச் சொல்லாதீங்க புள்ள,” என்றார் தாய். கூலி வீட்டிலிருந்தே எடுத்தோம். அவர் அடங்கிய கப்றை அல்லாஹ் விசாலமாக்கி வைப்பானாக.

சென்ற மாதம் என் மகளுக்கு உறுதி எழுதினேன். சீவிய உரித்தை ஒதுக்கியே வைத்தேன். அதில் நான் அவரைப் பின்பற்றவில்லை. ஆனால் அரசன் இறந்ததும் தலைநகர் ஏன் மாறியது என்று வகுப்பில் கேட்கப்படும்போது, தீட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன், அவன் மகன் எந்த வீட்டில் வளர்ந்தான் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியை.