காட்டு ரோசா

செடி வெட்டும் அந்தக் கத்தரியை இப்போது நான் தொடுவதில்லை.

கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அம்மாவைக் கண்டியில் என் வீட்டுக்குக் கூட்டி வந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையாருக்கு வைக்க, வாசமுள்ள ஒரு ரோசாச் செடி. தோட்டத் தொழிலாளர் லயத்தில், எங்கள் வீட்டு வாசலில் அவர் வளர்த்தது இளஞ்சிவப்பு. ஒன்று பூத்தால் பக்கத்து வீடு வரை மணக்கும். அதில் ஒரு கிளை ஒடித்து வரலாம் என்று போனேன். வாசல் முழுக்கக் கொங்கிறீட் போட்டிருந்தார்கள்.

அக்குறணை, பேராதனை என்று ஒரு பூங்கன்றுக் கடை விடவில்லை. ஒவ்வொரு பூவாகக் குனிந்து மோந்து பார்த்த என்னைக் கடைக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எல்லாம் பெரிய பூ, நல்ல நிறம், வாசம் மட்டும் கிடையாது. வெறுத்துப்போய் ஒரு சிவப்பு ஒட்டுக்கன்றை வாங்கினேன். ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் அது காட்டு ரோசா, உடனே வெட்டிவிடுங்கள் என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார்.

வெட்டினேன். ஏதோ எல்லாம் தெரிந்தவன் மாதிரி, மாதம் தவறாமல். அம்மா பக்கத்தில் வந்து நிற்பார்.

"ஒருக்கா பூக்க விட்டுத்தான் பாரேன்டா."

உங்களுக்கு இது விளங்காது என்று அவருக்கே பாடம் எடுத்தேன். ஆயுள் முழுக்கத் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்றவருக்கு! நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

போன மழைக்கு வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து, காலில் பிளாஸ்டர் போட்டுக்கொண்டு மூன்று மாதம் கிடந்தேன். அதே மழையில் சிவப்பு அழுகிப்போனது. வெட்ட ஆளில்லாத துளிர் மதில் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, கட்டிலில் கிடந்த எனக்குச் சாமி அறையிலிருந்து அந்த லயத்து ரோசா வாசம் வந்தது. அம்மா பிள்ளையாருக்குப் பூ வைத்திருந்தார். விளக்கேற்றிக்கொண்டிருந்தார்.

நடக்க முடிந்ததும் ஒரு பூவுடன் கடைக்காரரிடம் போனேன். அவர் அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. இது பழைய ரோசாவாம். இந்து சமுத்திரத்தில், முன்பு பூர்போன் என்று அழைக்கப்பட்ட தீவில், வேலிக்கு நட்ட இரண்டு ரோசாக்கள் தாமாகக் கலந்து பிறந்ததாம். அங்கிருந்து இந்தியா போய், இங்கேயும் வந்துவிட்டதாம். வேர் உறுதியானது என்பதால் மற்றப் பூக்களை இதன் மேல் ஒட்டுகிறார்களாம். பிறகு ஏன் காட்டு ரோசா என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். அப்படிச் சொன்னால்தானே ஆட்கள் வெட்டுவார்கள், வெட்டாவிட்டால் மேலே ஒட்டியது செத்துப்போகும் என்றார். எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது. வெட்டியது அவரா என்ன?

வீட்டுக்கு வந்து தீவுக் கதையை அம்மாவிடம் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"எத்தன வருசமாடா வெட்டினே?"

ஆறு வருஷம் என்றேன். அம்மா செடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தன வருசமும் அது வந்துக்கிட்டேதான இருந்திருக்கு."