காற்று வாங்கும் பேட்டரியோடு வீரசோழனுக்கு

1990 செப்டம்பர் கடைசியில், காலாண்டு விடுமுறையில், ஒரு பையில் மாற்றுத் துணியும் இன்னொரு பையில் செத்துப்போன டார்ச் பேட்டரிகளும் எடுத்துக்கொண்டு நானும் என் கணவரும் மதுரையிலிருந்து வீரசோழன் போனோம். என் சிநேகிதி ஜொகரா வீட்டு ரேடியோவைப் பேசவைக்க வேண்டும் என்பதுதான் காரணம். திருச்சுழிப் பக்கம் எப்படிப் போவது என்று கேட்டு இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். வழியையும் சொல்கிறேன், நடந்ததையும் சொல்கிறேன். இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கு வராது.

ஜொகராவும் நானும் அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவள் வீட்டுக்காரர் காதர் குவைத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்ததும் கடிதமும் நின்றது, போனும் நின்றது. வீரசோழனில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய வீடுகள் எல்லாம் ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிட்டன. கடைக்கு பேட்டரி வந்தால் வந்த அன்றைக்கே தீர்ந்துவிடும். ஜொகரா இருந்தது ஊர்க்கோடியில், பாதி கட்டிய புது வீட்டில். மின் இணைப்புக்கு எழுதிப் போட்டிருந்தார்கள், இன்னும் வரவில்லை.

அருப்புக்கோட்டையில் அப்பாவுக்கு இரும்புக் கடை. அங்கே தாழ்ப்பாள் வாங்க வந்த ஜொகரா அழுதுவிட்டுப் போயிருக்கிறாள். அப்பா எனக்குப் போன் செய்தார். "ராத்திரி ஏழே கால் செய்தி பாதியில பேட்டரி போயிருச்சாம்மா. வந்து சேர்ந்தவங்க பேர் வாசிச்சாங்களா, என்ன சொன்னாங்கன்னே தெரியலன்னு அழுகுது அந்தப் புள்ள. மாப்பிள்ளைதான் என்னமோ பேட்டரி செய்றாரே, ஏதாவது பண்ணச் சொல்லு" என்றார்.

மாப்பிள்ளை என்பது என் கணவர். இனி 'இவர்' என்றே எழுதுகிறேன். பாலிடெக்னிக்கில் வேதியியல் வாத்தியார். அப்போது மூன்று வருடமாக ஒரு பேட்டரியைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். என் இட்லிக் கொப்பரை அதில்தான் போயிற்று.

விஷயம் இதுதான். டார்ச் பேட்டரியைச் சின்ன வயதில் எல்லோரும் உடைத்திருப்போம். வெளியே துத்தநாகக் குப்பி, நடுவில் கரிக்குச்சி, இடையில் கறுப்பு மாவு. துத்தநாகம் கரையக் கரைய மின்சாரம் வருகிறது. அதற்கு வேண்டிய ஆக்சிஜனைக் கொடுப்பது அந்தக் கறுப்பு மாவு. மாவு தீர்ந்தால் பேட்டரி குப்பைக்குப் போகும். "ஆக்சிஜன் வெளியில சும்மாதானே கிடக்கு, அதை ஏன் மாவா அடைச்சு விக்கணும்?" என்பது இவர் கேள்வி. கரியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில் உண்டு. அந்தக் கரியே காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக் கொடுத்தால் துத்தநாகத் தகட்டை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டலாம். வெளிநாட்டில் இந்த மாதிரி பேட்டரி எப்போதோ வந்துவிட்டது, ரயில்வே சிக்னலுக்கெல்லாம் வைத்தார்கள் என்று இவரே சொல்வார். நம்மூர் விறகுக் கரியில், ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் நவச்சாரத் தண்ணீரில் செய்ய வேண்டும் என்பதுதான் இவருடைய பிடிவாதம்.

கரி தண்ணீரைக் குடித்து மூழ்கிப்போகிறது என்பது முதல் தொல்லை. மெழுகுவர்த்தியைப் பெட்ரோலில் கரைத்து அதில் கரித்தூளைப் புரட்டி உலர்த்தியதும் அது தீர்ந்தது. துளைக்குள் தண்ணீர் போகாது, காற்று போகும். மதுரைக் கடைக் கரியில் மின்சாரம் சரியாக ஓடவில்லை என்பது இரண்டாவது தொல்லை. நன்றாக வெந்த கரி வேண்டும். அது திருச்சுழிக் காட்டில் கிடைக்கும் என்று நான்தான் சொன்னேன். பிறந்த மண்ணின் பெருமை, விடுமா?

மதுரையில் காலை 6.10 பஸ். காரியாபட்டியில் டீக்கு நிறுத்தினார்கள். அங்கே பாதி பஸ் இறங்கி, அதற்கு மேல் ஏறியது. அருப்புக்கோட்டை சுமார் ஐம்பது கிலோமீட்டர், எட்டு மணிக்கு முன்பே போய்விட்டோம். டிக்கெட் ஐந்து ரூபாய் சில்லறை என்று ஞாபகம். அப்பா கடையில் துத்தநாகத் தகடும் நவச்சாரமும் எடுத்துக்கொண்டோம். "என்ன மாப்பிள்ளை, இம்புட்டுத் தகடு? தாயத்து செஞ்சு விக்கப் போறீகளா?" என்று கேட்டுக்கொண்டே அப்பா வெட்டிக் கொடுத்தார். அன்று இரவு அங்கேயே தங்கினோம்.

மறுநாள் ஏழு மணிக்குத் திருச்சுழி பஸ். அந்தப் பதினைந்து கிலோமீட்டரை நான் முழு விழிப்போடு ஒரு தடவைகூடக் கடந்ததில்லை. வெடித்த கரிசல், தண்ணீர் இல்லாத கண்மாய், மறுபடி கரிசல், அதன்மேல் சீமைக்கருவேல். பார்க்க ஒன்றும் இல்லாததால் கண் எதிலும் நிற்பதில்லை. மனசு அதுபாட்டுக்கு எங்கேயோ போய்விடும். ஜன்னலில் தலை சாய்த்தபடி, குவைத்திலும் இப்படித்தான் வெட்டவெளியாக இருக்குமோ, காதர் அண்ணன் இதே வெயிலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாரோ என்று நினைத்தேன். ரோட்டில் தூரத்தில் கானல் தேங்கி நின்றது. அதற்கும் அப்பால் இடுப்புயரத்துக்குப் புகை படுத்துக் கிடந்தது. அந்தப் புகைக்காக இறங்கினோம். ஊருக்கு மூன்று கிலோமீட்டர் முன்பாக.

பூமிநாதன் என்பவரின் கரிமூட்டம் அது. கருவேல விறகை வட்டமாக அடுக்கி, தழை போட்டு மண்ணால் மூடி, உள்ளே நெருப்பு வைத்து நாள்கணக்கில் வேகவிடுவார்கள். வெள்ளைப் புகை போய் நீலம் வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்தில் பிரித்துப்போட்ட பழைய மூட்டம் ஒன்று இருந்தது. இவர் அதன் முன் குத்தவைத்து, ஒவ்வொரு கரியாக எடுத்துச் சுண்டி, காதருகே வைத்துக் கேட்கத் தொடங்கினார். நன்றாக வெந்த கரி கணீரென்று சத்தம் கொடுக்குமாம்.

"என்ன சார், தேங்காயா வாங்குறீக?" என்று கேட்டார் பூமிநாதன்.

"ரேடியோ பேட்டரிக்குங்க" என்றேன் நான்.

"கரியிலயா?" அவர் சிரித்தார். "பாத்தும்மா. கரண்டு எடுக்கலாம்னு டவுனுக்குத் தெரிஞ்சா இங்கயும் வெல ஏத்திருவாக." பிறகு அவரும் பக்கத்தில் குத்தவைத்துச் சுண்ட ஆரம்பித்தார். மூட்டத்தின் மேல் நடுவிலிருந்து வந்த துண்டுகள்தான் அதிகம் கணீரென்றன. நான் வேலமர நிழல் என்ற பெயரில் இருந்த கோடுகளுக்குள் உட்கார்ந்திருந்தேன். இரண்டு ஆண்கள் கரியைக் காதில் வைத்துக்கொண்டிருக்க, புகை தரையோடு நகர்ந்துபோன அந்த ஒரு மணி நேரத்தை இப்போது யோசித்தால் கண்டது நிஜமா கனவா என்றே சந்தேகம் வருகிறது.

அரை மூட்டை கரி வாங்கிக்கொண்டு, அடுத்து வந்த பஸ்ஸில் ஏறித் திருச்சுழி போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து வீரசோழனுக்குப் பகல் பன்னிரண்டரை பஸ். "கரி மூட்டைக்கு லக்கேஜு போடணும்" என்றார் கண்டக்டர். "அரை மூட்டைதானே" என்று நான் பேரம் பேசினேன். "மூட்டைக்கு அரை கெடையாதும்மா, ஆளுக்குத்தான் அரை" என்று டிக்கெட்டைக் கிழித்தார். அந்த மூட்டைமேலேயே சாய்ந்து தூங்கிவிட்டேன். இறங்கும்போது என் ரவிக்கை தோளெல்லாம் கறுப்பு.

ஜொகரா என்னைப் பார்த்ததும், "வாடி, கரி விக்கக் கிளம்பிட்டியா?" என்று சிரித்தாள். சிரித்த வாயோடேயே அழுதாள். ஐம்பது நாளுக்கு மேல் சேதி இல்லை. அவள் இளைத்திருந்தது எனக்குத் தாங்கவில்லை, நானும் அழுதேன். இவர் மட்டும் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு நிழலைத் தேடிப் போனார். கரி இடிக்க இடம் பார்க்கிறாராம்.

அன்று மிச்சப் பொழுது பூராவும் இடித்தோம், சலித்தோம், மெழுகில் புரட்டி மொட்டை மாடியில் காயப்போட்டோம். மறுநாள் காலை, செத்த டார்ச் பேட்டரிகளின் கரிக்குச்சிகளை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் கரித்தூளை இறுக்கி, துணியில் பொட்டலம் கட்டினோம். அகல வாய் ஊறுகாய்ப் புட்டி நான்கு. ஒவ்வொன்றிலும் நவச்சாரத் தண்ணீர், ஓரத்தில் துத்தநாகத் தகடு, நடுவில் கரிப் பொட்டலம், மேல் பாதி தண்ணீருக்கு வெளியே. நான்கையும் கடைக்குச் சோப்பு வரும் மரப்பெட்டி ஒன்றில் வைத்து வரிசையாகக் கம்பி கோத்தார் இவர்.

"மூடி போடலையா அண்ணே?" என்று ஜொகரா கேட்டாள்.

"கூடாதும்மா. இது காத்து வாங்குற பேட்டரி. காத்துதான் இதுக்குச் சாப்பாடு."

இரண்டு மணிக்கு ரேடியோ பாடியது. மதுரையில் அரை மணி நேரம்கூடத் தாங்காத சங்கதி, கருவேலக் கரியில் அசராமல் பாடியது. இவர் எழுந்து முற்றத்தில் இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்தார். ஜொகரா ரேடியோவை நிறுத்தவே விடவில்லை. பாட்டு, வயலும் விவசாயமும், மறுபடி பாட்டு. பாடட்டும், குரல் நிற்காமல் இருந்தால் போதும் என்றாள். நான் சிமெண்டுத் தரையில் படுத்து, கூரை போடாத அறையின் வானத்தைப் பார்த்தபடி கண்ணயர்ந்தேன். பக்கத்தில் தையல் மெஷின் ஓடும் சத்தம் தூக்கத்துக்குள் வந்துகொண்டே இருந்தது.

எங்கள் பக்கத்தில் ரேடியோவை யாரும் வெறும் உடம்போடு வைக்கமாட்டார்கள். உறை தைத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் அது பொருளே இல்லை. ஜொகராவும் மிச்சமிருந்த மெரூன் ரெக்சினில் பேட்டரிப் பெட்டிக்கு உறை தைத்திருந்தாள். அடியில் எலாஸ்டிக், ஓரத்தில் வெள்ளைச் சுருக்கு. "ரேடியோவுக்கு இருக்குல்ல, இதுக்கு வேணாமா? இந்தத் தூசியில எம்புட்டு நேரம் தாங்கும்?" என்று மாட்டிவிட்டாள். அச்சாகப் பொருந்தியது. நான் அழகு என்றேன். மூன்று வருடமாகக் காற்று காற்று என்று உயிரை வாங்கிய இவரும் தடவிப் பார்த்து, "தையல் ரொம்ப நேர்த்தி" என்றார்.

ஏழே காலுக்குச் செய்தி தொடங்கியது. ஜொகரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள். தலைப்புச் செய்திகள், டெல்லி, விலைவாசி. பிறகு குவைத்தில் உள்ள இந்தியர்கள் என்று ஆரம்பித்த குரல் தேய்ந்தது. கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி தேய்ந்து, கரகரப்பாகி, அதுவும் போனது.

"அய்யோ அண்ணே, போகுது, போகுது" என்றாள் ஜொகரா. இவர் உறைக்கு வெளியே வந்த கம்பியைத் திருகினார், முறுக்கினார், ரேடியோவைத் தட்டினார். எனக்கு இவ்வளவு தூரம் வந்து, முந்தின தடவை போன அதே இடத்தில் அவளை மறுபடி நிறுத்திவிட்டோமே என்று இருந்தது.

ஜொகராதான் திடீரென்று, "காத்து வாங்கும்னீகளே அண்ணே" என்றாள். யாரும் பதில் சொல்வதற்குள் உறையின் எலாஸ்டிக்கில் விரலை விட்டு ஒரே இழுப்பு. சுருக்கு கிழிந்தது. மூலையில் கிடந்த பனையோலை விசிறியை எடுத்து, சோப்புப் பெட்டிக்கு விசிறத் தொடங்கினாள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு விசிறுகிற மாதிரி, வேகமில்லாமல், விடாமல்.

குரல் மெதுவாக ஏறியது. முதலில் மூச்சு போல, அப்புறம் பேச்சாக. குவைத்திலிருந்து இந்தியர்களை பஸ்களில் ஏற்றி ஜோர்டானுக்குக் கொண்டுபோகிறார்கள், அங்கிருந்து விமானத்தில் பம்பாய்க்கு வருகிறார்கள், இன்னும் பல பஸ்கள் வழியில் இருக்கின்றன என்றது. பெயர் எதுவும் சொல்லவில்லை. ஜொகரா விசிறிக்கொண்டே, "ரோட்டுல இருக்காக" என்றாள். "அவுக ரோட்டுல இருக்காக." செய்தி முடிந்து நாதஸ்வரம் வந்த பிறகும் விசிறி நிற்கவில்லை. நாங்களும் நிறுத்தச் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, சேதி தெரியாமலேதான் கிளம்பினோம்.

இனி போகிறவர்களுக்கு. அக்டோபர் முதல் ஜனவரி வரை போனால் கண்மாயில் தண்ணீர் பார்க்கலாம். என்னைப் போல வெறும் வெளி பிடிக்கும் என்றால் செப்டம்பர். தண்ணீர் கையில் இருக்கட்டும். வீரசோழனுக்குத் திருச்சுழியில் பஸ் மாறுவது சுலபம், சுமார் இருபது கிலோமீட்டர், திரும்பும் கடைசி பஸ் நேரத்தை இறங்கியவுடனே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கரிமூட்டத்தைப் பார்க்கப் போனால் காற்று வருகிற பக்கம் நின்று, கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். அது அவர்கள் அடுப்படி. இந்த பேட்டரியைச் செய்துபார்க்க ஆசை வந்தால், மெழுகைப் பெட்ரோலில் கரைக்கும் இடத்தில் நெருப்பு கூடாது. இவர் கண்டுபிடிப்பு கடைக்கு வந்ததா என்று கேட்காதீர்கள். அடுத்த வருடங்களில் கரண்டும் மலிவு பேட்டரியும் வந்து அதை வீட்டோடு நிறுத்திவிட்டன. இவருக்கு அதில் வருத்தம் உண்டு, எனக்கும் உண்டு.

அந்த அக்டோபரில் தீபாவளிக்கு அப்பா வீட்டுக்குப் போனபோது, புதுத் தகடு கொடுக்கலாம் என்று வீரசோழனுக்கு ஒரு நடை போனோம். கதவைத் திறந்தது காதர் அண்ணன். தாடி வளர்ந்து, போட்டிருந்த சட்டை யாருடையதோ மாதிரி தொளதொளத்தது. டீ வந்தது. பிறகு அவர் தேதி சொல்லி, செய்தி நேரம் சொல்லி, அன்றைக்குத்தானே நீ விசிறிக்கொண்டே கேட்டது என்று ஜொகராவிடம் கேட்டார். ஆமாம் என்றாள்.

"அன்னைக்கு நாங்க பஸ்ஸுல இருந்தோம் தங்கச்சி" என்றார் என்னிடம். "ஜன்னல்ல பூரா திரை. சுத்தியும் பாலைவனம். எங்க கூட்டிட்டுப் போறாகன்னு டிரைவரும் சொல்லல, கேக்கவும் பயம். திரும்பக் கொண்டு போறாகளோ, என்ன செய்யப் போறாகளோன்னு அம்பது பேரும் வாயத் தெறக்காம உக்காந்திருந்தோம். நான் ஊருக்கு வந்துக்கிட்டு இருக்கேன்னு எனக்கே தெரியாது." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். "இவளுக்குத் தெரிஞ்சிருக்கு."