அத்தை கழுத்தில் தொங்கிய ரிமோட்

என் அத்தை, மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்தாள். எரிந்துபோன மின்விசிறியும் தண்ணீர் பம்பும் அவள் மேசைக்கு வரும். கருகிய கம்பியைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் புதுக் கம்பியைச் சுற்றி அனுப்புவாள். மாமா லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுவதும் இருட்டுக் குழிக்குள் நின்று வேலை செய்கிறவருக்கு ஞாயிற்றுக்கிழமையானால் வானம் வேண்டும். ஊருக்கு வெளியே ஒரு காலி மைதானத்தில் சிலர் கூடி, பேட்டரியில் ஓடும் சின்ன விமானங்களை ரிமோட்டால் பறக்கவிடுவார்கள். மாமாவின் விமானம் தெர்மாகோலை வெட்டி அவரே செய்தது. மோட்டார் மட்டும் அத்தை சுற்றிக் கொடுத்தது.

பேட்டரி தீர்வதற்குள் விமானம் தரைக்கு வந்துவிட வேண்டும். மாமாவுக்கு வானத்தைப் பார்த்தால் நேரம் மறந்துவிடும். அதனால் அத்தை பக்கத்தில் நின்று, "போதும், இறக்குங்க" என்று குரல் கொடுப்பாள். மைதானத்தில் அவளுக்குப் 'பேட்டரி அக்கா' என்றே பெயர்.

"தலைவரே, வீட்லதான் அக்கா பேச்சக் கேக்கறீங்க, வானத்துலயுமா?" என்று சீண்டுவார்கள்.

"வீட்ல கேக்கலைன்னா சோறு கெடைக்காது. இங்க கேக்கலைன்னா விமானமே கெடைக்காது" என்பார் மாமா.

ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் அவர் கையிலிருந்து நழுவியது. பக்கவாதம். கால் மெல்லத் திரும்பி வந்தது, பேச்சும் வந்தது. வலது கை மட்டும் அரைகுறையாக நின்றுவிட்டது. விமானத்தைச் சாய்ப்பது, ஏற்றுவது, இறக்குவது எல்லாம் ரிமோட்டின் வலது குச்சிதான். தேறி வந்து முதல்முறை விட்டபோது விமானம் புதருக்குள் பாய்ந்தது. "காத்து" என்றார். அடுத்த முறை இறக்கை ஒடிந்தது. அன்று ஓர் இலைகூட அசையவில்லை. அப்போதும் "காத்து" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. அதன் பிறகு வீட்டில் அவர் பேச்சே குறைந்துபோனது.

மைதான நண்பர்களில் பல்செட் செய்கிற ஒருவர் உண்டு. எல்லோருக்கும் அவர் 'பல்லு'. அவர்தான் அத்தைக்கு ஒரு வழி சொன்னார். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்காக இரண்டு ரிமோட்டைக் கம்பியில்லாமல் இணைக்கலாம். இரண்டாவது ரிமோட்டில் ஒரு சுவிட்சைப் பிடித்திருக்கும்வரை முதல் ஆள் ஓட்டலாம். கையை எடுத்தால் விமானம் இரண்டாவது ஆளின் வசம்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அதனால் எல்லாக் கேள்வியும் கடைசியில் என் கதவைத்தான் தட்டும்.

"படிச்சவ நீ சொல்லுடி. இது அவர ஏமாத்தறது ஆகுமா?"

"மாமா சந்தோஷமா இருந்தா சரிதானே அத்தை" என்றேன். அதை எந்தப் பாடத்தில் படித்துச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

என் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகும் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். கடை முடிந்ததும் நேரே என் அறைக்கு வருவாள். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். அங்கேதான் அவள் விழுந்து விழுந்து எழுந்தாள். "இது என்னடி, கண்ணாடியப் பாத்து வகிடு எடுக்கற மாதிரி இருக்கு!" என்று திட்டிக்கொண்டே கற்றாள்.

மாமாவிடம், "இதுல பேட்டரி எவ்வளவு இருக்குன்னு தெரியுமாம்" என்று சொல்லி இரண்டாவது ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். சின்னப் பொத்தான்களை அமுக்க மாமாவுக்குக் கை ஒத்துழைக்காது. அவருடைய ரிமோட்டையும் அவளே தயார் செய்து கொடுப்பாள். முதலில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் மட்டும் விமானத்தைத் தன் வசம் எடுத்துக்கொண்டாள். போகப்போக முழுதும் அவள்தான். மாமாவுக்குச் சிரிப்பு திரும்பியது. "பாத்தியா, கை வந்துடுச்சு" என்று என்னிடமே சொன்னார். மைதானத்தில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

ஆண்டு விழாவுக்கு வெளியூர்க்காரர்களும் வந்திருந்தார்கள். மைக்கில் அழைத்ததும் மாமா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போனார். இருவருக்கும் பின்னால் நான் நின்றேன். விமானம் எழுந்தது, வட்டமடித்தது, தலைகீழாகப் புரண்டு நிமிர்ந்தது. கைதட்டல்.

அப்போது மாமா வலது கையைக் குச்சியிலிருந்து எடுத்தார். முகத்தைத் துடைக்கத்தான் என்று நினைத்தேன். துடைக்கவில்லை. கையைக் கீழே தொங்கவிட்டு, விமானத்தைப் பார்த்தபடி நின்றார். அது அழகாகத் திரும்பி எங்களை நோக்கி வந்தது.

விமானம் மேலே இருக்கும்போது ஓட்டுகிறவர் அதிலிருந்து கண்ணை எடுக்கவே கூடாது. மாமா எடுத்தார். தலையைத் திருப்பி அத்தையின் கட்டைவிரல்களைப் பார்த்தார். அவளுக்கு அது தெரியவில்லை. அவள் கண் வானத்தில் இருந்தது, இருந்தே ஆக வேண்டும்.

வெகு நேரம் பார்த்தார். பிறகு கையைத் தூக்கிக் குச்சியின்மேல் வைத்தார். விமானம் சாயும் பக்கமெல்லாம் அதை மெதுவாகச் சாய்த்தார், ஒரு நொடி பிந்தி.

தரையிறங்கியதும் பல்லு ஓடிவந்து கட்டிக்கொண்டார். "தலைவரே, கலக்கிட்டீங்க!"

"ஆமா" என்றார் மாமா. "இன்னிக்குக் காத்து இல்ல."

அடுத்த ஞாயிறு முட்டி வலி என்றார். அதற்கடுத்த ஞாயிறு தூக்கம் போதவில்லை என்றார். பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார். பல்லு வீட்டுக்கே வந்து கெஞ்சிப் பார்த்துவிட்டுப் போனார். அத்தை என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"அன்னிக்கு எறக்கும்போது லேசா குதிச்சுதுடி. அதுல வெறுத்துட்டாரோ?"

"நல்லாத்தான் அத்தை எறக்கின."

"அப்பறம் ஏன் வரமாட்டேங்கறாரு? நான் இன்னும் பழகறேன். அடுத்த தடவ குதிக்காது."

மாமா தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். இடது கையால் சொம்பை எடுத்தார். எங்கள் முகத்தைப் பார்க்காமல், அத்தையிடம், "என்னால நீ எதுக்கு வீட்ல கெடக்கற? போயிட்டு வாயேன். நல்லாத்தானே ஓட்டற" என்றார்.

அவர் தண்ணீரைக் குடித்து, சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அத்தை அடுப்பை அணைத்தாள். அதன்மேல் உலை இன்னும் கொதித்திருக்கவில்லை.