மாஸ்டரின் இடுப்பளவு

“மூச்சை இழுக்காதீங்க சார். இங்க இழுத்துப் பிடிச்சிட்டு, சாப்பிட்டு உக்காந்ததும் பட்டன் தெறிச்சா என்னைத்தானே திட்டுவீங்க?” என்றபடி டெய்லர் மாஸ்டர் அளவு டேப்பை வாடிக்கையாளரின் தொப்பையைச் சுற்றி வளைத்துப் பிடிக்கிறார். முப்பது வருடமாக இதே வசனம்தான். யாருடைய இடுப்புக்கும் அவர் அரை அங்குலம்கூடத் தள்ளுபடி தந்ததில்லை. அளவை அடுத்த கடைக்குக் கேட்கும்படி உரக்கப் படிப்பார். ஆள் நெளிவதைப் பார்ப்பதில் அவருக்கு அப்படியொரு ஆனந்தம்!

அவர் அளவெடுக்காத ஒரே இடுப்பு அவருடையது. தன் பேன்ட்டின் பின்தையலுக்குள் மட்டும் மூன்று அங்குலத் துணியைக் கூடுதலாக மடித்து வைத்திருப்பார். இறுக்கினால் பிரித்து, கொஞ்சம் தளர்த்தித் தைத்துக்கொள்வார். ஐந்து நிமிட வேலை. பிறகு மனைவியிடம் போய், “ஆறு வருஷத்துக்கு முன்னாடி தச்சது, இன்னும் கச்சிதமா இருக்கு பாத்தியா?” என்று பீற்றிக்கொள்வார். தன் காதில் தானே பூச்சுற்றிக்கொள்ள இவரை விட்டால் ஆள் கிடையாது.

போன மாதம் ஸ்கேனில், ஈரலில் கொழுப்பு படிந்திருப்பதாக வந்தது. மாஸ்டருக்கு வந்ததே கோபம்! “ஒரு சொட்டு தொட்டதில்ல டாக்டரம்மா! என் ஈரல் எப்படிக் கெடும்?”

“குடிக்காதவங்களுக்கும் வரும். தொப்பை, சர்க்கரை, பிரஷர், ரத்தத்துல கொழுப்பு, எல்லாம் கூட்டாளிங்க. உங்ககிட்ட நாலும் இருக்கு. ஒண்ணு சேந்தா ஈரலைப் பதம் பாத்துடும். இப்படியே விட்டா அது தழும்பேறிச் சுருங்கிடும். இப்பவே எடையைக் குறைச்சா மீட்டுடலாம். ஆமா, பேன்ட்டு இறுக்கினப்பவே தெரியலையா?”

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் கூட வந்திருந்த மனைவி முந்திக்கொண்டாள். “இவர் பேன்ட்டு இறுகவே இறுகாது டாக்டர்.”

டாக்டருக்கு விளங்கவில்லை. மாஸ்டருக்கு நன்றாகவே விளங்கியது. மனிதர் நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

இப்போது தினமும் காலையில் ஒரு மணி நேரம் வேகமாக நடக்கிறார். சர்க்கரை போடாத டீயை, வாத்தியாரிடம் அடி வாங்கியவர் முகத்தோடு குடிக்கிறார். கடையில் பிஸ்கட் இருந்த டப்பாவில் பட்டன்கள் குடியேறிவிட்டன. இரண்டு கிலோ குறைந்ததை ஊரெல்லாம் சொல்லியாயிற்று.

நேற்று தனக்கென்று புதுப் பேன்ட் ஒன்று தைத்தார். பின்தையல் போட்டு முடித்ததும் உள்ளே வழக்கம்போல மூன்று அங்குலத் துணி மிஞ்சி நின்றது. சாப்பாடு கொண்டுவந்த மனைவி அதைப் பார்த்துவிட்டு, “எதுக்கும் இருக்கட்டுமே, விட்டு வைங்க” என்று சீண்டினாள்.

மாஸ்டர் பெரிய கத்தரியை எடுத்து, அந்தத் துணியைத் தையலை ஒட்டி நறுக்கிக் குப்பைக் கூடையில் போட்டார்.