பொங்கோலில் வளைந்த தூண்டில்

காலை 7.10. தேக்கா சந்தையில் முதலில் கண்ணில் பட்டது, ஒரு கொடுவா மீனின் வாயிலிருந்து தொங்கிய தூண்டில் நரம்பு. “பாத்து அக்கா, தூண்டி முள்ளு உள்ளயே இருக்குலா” என்றார் கடைக்காரர்.

அந்த நரம்பைப் பார்த்ததும் பொங்கோல் நினைவுக்கு வந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. பொங்கோல் கடலில் சித்தப்பாவின் படகு ஆளில்லாமல் மிதந்து வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அப்பாவும் சித்தியும் அவரைத் தேடப் புறப்பட்டார்கள். வீட்டில் தனியே விட முடியாததால் என்னையும் படகில் ஏற்றிக்கொண்டார்கள். புகைமூட்டத்தில் கரை தெரியவில்லை.

மீன் பிடிக்கும்போது அப்பா நடக்கிற வேகத்தில் படகை ஓட்டி, நான்கு தூண்டில்களை நான்கு ஆழத்தில் இழுத்துச் செல்வார். அன்றும் அதே வேகம்தான். ஆனால் முள்ளில் இரை இல்லை. நான்கு ஈயக்குண்டுகளும் கடலின் அடியைத் தொட்டுக்கொண்டு வந்தன.

ஒரு தூண்டில் மெல்ல வளைந்தது. அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டு நரம்பைச் சுற்றினார். கனமாக ஏதோ மெல்ல மேலே வந்தது.

“மீனா இருந்தா துள்ளும்” என்றார்.

“பாறையா இருக்கும் மாமா” என்றார் சித்தி.

“பாறை மேல வராதும்மா.”

“அறுத்துடுங்க. அவரு வந்துடுவாரு.”

அப்பா வெகுநேரம் நரம்பைப் பிடித்தபடி நின்றார். பிறகு கத்தியால் அறுத்தார்.

சித்தி இப்போது ஆங் மோ கியோவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். தாலியைக் கழற்றவில்லை.